ஒரு மனைக்கு ஒரு அடுப்பு

நகராட்சிக் கட்டட இன்ஸ்பெக்டரின் அளவு நாடா விழுந்த இடத்தில் புல்கூட முளைக்காது. சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். முளைக்கும், ஆனால் அவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு முளைக்கும்.

சர்வீஸ் முழுக்க அவர் கரைத்துக் குடித்தது ஒரே ஒரு விதி. சின்ன மனையில் ஒரு வீடுதான். கொல்லையில் அறை கட்டிக்கொள்ளலாம். அதில் அடுப்பு வைத்தால் அது இரண்டாவது வீடு, இடிக்க வேண்டும். அவர் வருகிறார் என்றால் சனங்கள் அடுப்பைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு அசடு வழிவார்கள். இவர் சுவரில் விரலைத் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கை மோந்து பார்த்து, பெரிய துப்பறிவாளர் மாதிரித் தலையாட்டுவார். அனுமதியில்லாமல் மாடிமேல் மாடி ஏற்றிய ஓட்டல் முதலாளியிடம் போகும்போது மட்டும் அந்த மூக்குக்கு ஜலதோஷம் பிடித்துக்கொள்ளும்.

இந்த மகானுக்கு ஓர் அக்கா. நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அப்பா இருவர் பெயரிலும் எழுதிவைத்த வீட்டின் கொல்லை அறைக்குக் குடிவந்தாள். காலமெல்லாம் அடுத்தவர் கூப்பிட்ட நேரத்துக்கு எழுந்து ஓடியவள் கேட்டது ஒன்றுதான்: நினைத்தபோது டீ போட்டுக் குடிக்கத் தனக்கென்று ஓர் அடுப்பு.

“ரூல் இடம் கொடுக்காதுக்கா,” என்றார் தம்பி. “நம்ம கிச்சன்லயே சமைச்சுக்கோயேன். அப்படியே எங்களுக்கும் சேர்த்துப் போட்டுட்டா போச்சு.”

விதி எந்தப் பக்கம் மடங்குகிறது என்று அவளுக்குப் புரிந்தது. இருந்தும் ஒரு வருஷம் எல்லோருக்கும் சமைத்துப் போட்டாள். ஒருநாள் காலையில், உப்பு குறைவு என்று அவர் தட்டைத் தள்ளினார்.

“ஏன்டா, மனைக்கு ஒரு சமையலறைன்னுதானே உன் ரூலு? அது முன்னாடிதான் இருக்கணும்னு போட்டிருக்கா?”

“அப்படியெல்லாம் போடலை,” என்றார், படித்தவன் என்ற மிதப்பில்.

அவர் ஆபீஸ் கிளம்பியதும் அக்காவும் தம்பி மனைவியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அடுப்பைக் கொல்லை அறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சாயங்காலம் வந்தவர் வெறும் மேடையைப் பார்த்துவிட்டுக் கொல்லைக்கு ஓடினார்.

“இது விதிமீறல்க்கா.”

“எதுடா மீறல்? மனைக்கு ஒண்ணுதானே இருக்கு. நீ முன்னாடி இன்னொண்ணு வாங்கி வை, உங்க மேலதிகாரியை நானே கூட்டிட்டு வந்து காட்டறேன்.”

கட்டிலுக்கடியில் அடுப்பை ஒளித்தவர்கள் வழிந்த அதே அசடு இப்போது அவர் முகத்திலும் வழிந்தது. அக்கா அவர் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தி, டீ போட்டு, தனியாக உட்கார்ந்து குடித்தாள்.

அதன்பின் இன்ஸ்பெக்டர் தினமும் தட்டை ஏந்திக் கொல்லைக் கதவருகே சோற்றுக்கு நிற்கிறார் என்று இந்தக் கதையை எழுதி முடித்து, பக்கத்து வீட்டுக்காரி நான் அவர் மனைவிக்கே வாசித்துக் காட்டினேன்.

“தப்பா எழுதியிருக்கீங்க பெரியம்மா,” என்றாள். “தட்டெல்லாம் இல்லை. நானும் சமைக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். இப்போ சமையல் அவரோடதுதான். அண்ணி டீ குடிச்சு முடிச்சுக் கதவைத் திறக்கற வரைக்கும் காய் நறுக்கிட்டு வெளியில உட்கார்ந்திருப்பாரு.”