நைனாவின் ராஜாவைத் தாவவிட்ட செஸ் சாஃப்ட்வேர்

எங்கள் நைனாவுக்காக மூன்று செஸ் சாஃப்ட்வேர் மாற்றியாயிற்று. எதிலும் அவருடைய ராஜா தாவவில்லை.

நகரியில் அவர் ஆடிப் பழகிய ஆட்டத்தில், ராஜா ஒரே ஒரு தடவை குதிரை மாதிரி தாவலாம். கம்ப்யூட்டர் விடுவதில்லை.

"இதுக்கு ஆடவே தெரியல. வேற போடு" என்பார்.

அமெரிக்கா போன என் தம்பிக்கும் அவருக்கும் பேச்சே இந்த ஆட்டம்தான். அவன் போனதிலிருந்து ஒரு மாதமாக அதுவும் நின்றிருந்தது.

இன்று திருப்பதியில் கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் புலம்பினேன். அவர் சிரிக்கவில்லை.

"பர்வாலேது சார், எங்க ஊட்லயும் அதே ரூல்தான்" என்றவர், காயை எங்கே வைத்தாலும் கேள்வி கேட்காத வெறும் பலகை ஒன்றை லேப்டாப்பில் போட்டுக் கொடுத்தார். தம்பி அங்கிருந்தே அதில் ஆடலாம்.

மாலையில் நைனா ராஜாவைத் தாவவிட்டார்.

"தாவிட்டியா நைனா? அதத்தான் பாத்துக்கினு இருந்தேன்" என்றான் தம்பி போனில்.



யார் கை ஓங்கியிருக்கிறது என்று சொல்ல இந்தப் பலகைக்குத் தெரியாது. அதனால் இருவரும் "நான்தான் ஜெயிக்கிறேன்" என்று ஒரு மணி நேரமாகப் போனில் சண்டை போடுகிறார்கள்.

இதைவிட நல்ல சாஃப்ட்வேர் தெரிந்தவர்கள் தயவுசெய்து எனக்குச் சொல்லாதீர்கள்.