வேப்பமரத்தடியில் ஒரு வெங்காயப் புற்று

எனக்குக் கரையானைப் பிடிக்கும் என்று சொன்னால் பழங்காநத்தத்தில் எங்கள் தெருவில் ஒருவரும் என்னை வீட்டுக்குள் விடமாட்டார்கள். கதவு நிலையையும் புத்தக அலமாரியையும் தின்று தீர்க்கிற பூச்சி அது. ஆனால் பாலிடெக்னிக்கில் காற்றோட்டம் பற்றிப் பாடம் நடத்தியே தொண்டை வறண்டவள் நான். விசிறியும் கரண்டும் இல்லாமல், காற்று உலவுகிற மாதிரி வீடு கட்டிக்கொள்கிற அந்தப் பூச்சியைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத்தான் தோன்றும்.

என் வீட்டுக்காரரின் தங்கை டி. கல்லுப்பட்டிக்குப் பக்கத்தில் சின்ன வெங்காயம் போடுகிறாள். குச்சி நட்டுக் கீற்று வேய்ந்த பட்டறையில்தான் விதை வெங்காயத்தைச் சேமிப்பாள். வருடா வருடம் அதில் பாதி அழுகிப்போகும். அவள் புலம்பியதைக் கேட்டு, "புத்து மாதிரி ஒண்ணு நான் கட்டித் தாரேன்" என்று வாயை விட்டேன். அவளும் என்னை நம்பி மொத்த விதையையும் அதில் வைக்கச் சம்மதித்தாள். அழுகினால் புரட்டாசியில் நடுவதற்கு அவளிடம் ஒரு வெங்காயம்கூட இருக்காது.

அவளுடைய வரப்பில் மழைக்கு இடிந்து கிடந்த ஒரு புற்றைப் பார்த்துப் பார்த்து வரைந்தேன். முதலில் வரைந்ததில், சூடு மேலேறிப் போகட்டும் என்று உச்சியிலிருந்து வெங்காய அறைக்கு நேராகப் பெரிய திறப்பு வைத்திருந்தேன். புற்றில் அப்படி எதுவும் இல்லை. நடு அறையைச் சுற்றிச் சுவருக்குள்ளேயே குழல்கள் ஓடின. மண் சுவரே மூச்சு விட்டது. படித்த திமிர் லேசில் போகுமா? எரிச்சலோடுதான் அந்தத் திறப்பை அழித்தேன்.

சுவருக்குள் குழல் விட்டு, மேலே விரல் நுழைகிற துளைகள் வைத்து, ஆள் உயரத்துக்குக் கூம்பாகக் கட்டினோம். செம்மண் பூசினோம். நிழலாக இருக்கட்டும் என்று வேப்பமரத்தடியில் இடம் பார்த்தது நான்தான். செம்மண் கூம்பும் வேப்பமரமும் சேர்ந்தால் எங்கள் பக்கத்துப் பெண்கள் சும்மா போவார்களா என்று எனக்கு உறைக்கவே இல்லை.

ஆடி வெள்ளிக்கிழமை காலையில் போன் வந்தது.

"மதினி, ஒடனே கெளம்பி வாங்க. களை எடுக்க வந்த பொம்பளைக மஞ்சத் தடவி, பொட்டு வச்சு, ஓட்டைல பூராம் பால ஊத்திட்டாக."

"எம்புட்டுப் பாலு?"

"சொம்பு சொம்பா ஊத்திருக்காக."

பஸ்ஸில் போகும்போது அந்தப் பெண்களைத் திட்டினேன். திருமங்கலம் தாண்டியதும் என்னையே திட்டிக்கொண்டேன். வெங்காயத்துக்கு ஈரம்தான் எமன். அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்?

நான் போனபோது அவள் கீழ்க்கதவைத் திறந்து கையை உள்ளே விட்டுக்கொண்டிருந்தாள். நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் அள்ளி என் முன்னால் போட்டாள். எல்லாம் காய்ந்த சருகோடு கலகலவென்று உருண்டன. துளைகள் அறைக்குப் போகவில்லையே! பால் முழுவதும் சுவர்க் குழல்களில் இறங்கி மண்ணில் ஊறிவிட்டது. இரண்டு நாள் புளித்த வாடை அடித்தது. மூன்றாம் நாள் சுவர் உலர்ந்துவிட்டது. என் திறப்பு மட்டும் இருந்திருந்தால் அத்தனை பாலும் விதையின் தலையில்தான் கொட்டியிருக்கும். விதையைக் காப்பாற்றியது என் படிப்பு இல்லை, கரையான்தான் என்று அப்போதே அவளிடம் ஒப்புக்கொண்டேன். கண்ணே தெரியாத ஒரு பூச்சி எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது என்பதில் வெட்கத்தைவிட சந்தோஷம்தான் அதிகமாக இருந்தது.

புரட்டாசியில் நடவு. ஏதோ ஒரு கைப்பிடி சொத்தையைத் தவிர அத்தனை விதையும் வயலுக்கு வந்தது. பால் ஊற்றிய அதே பெண்கள்தான் நட வந்திருந்தார்கள். "படிச்சவுக மூளை மூளைதான்" என்று என்னைச் சுற்றி நின்று மெச்சினார்கள். நானும் கூச்சப்படுகிற மாதிரி சிரித்துக்கொண்டு அவ்வளவையும் வாங்கிக்கொண்டேன்.

வெங்காயக் கூடையை இடுப்பில் வைத்தபடி வந்த நாத்தனார் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கரையான் கட்டுன புத்துல பாம்பு குடியேறுன கணக்கா நிக்கிறீகளே, மதினி!"