பாட்டிலின் அடியில் தங்கிய மருந்து

அறுபதுகளில் செஞ்சிக் கடைத்தெருவில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தேன். வயிற்றுப் புண்ணுக்கு அப்போது வெள்ளை மிக்சர்தான். அதைக் கலக்கி, பாட்டிலில் ஊற்றி, வேளைக்கு இவ்வளவு என்று வெட்டிய காகிதத்தை ஒட்டிக் கொடுப்பது என் வேலை.

பக்கத்து ஊரான வல்லத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை வியாபாரம் செய்த காதர் பாய் வாரம் தவறாமல் வருவார். எட்டு மாதமாகியும் அவருக்கு வலி நிற்கவில்லை. “பிடிவாதமான புண்” என்ற டாக்டர், கடைசியில் பட்டணத்துக்குப் போய் ஆபரேஷன் செய்துகொள்ளச் சொல்லிவிட்டார்.

பாட்டிலைத் திருப்பிக் கொடுக்க பாய் என்னிடம் வந்தார். “நானும் பாட்டிலு அலுங்காம, மேல தெளிஞ்சி நிக்கிறத மட்டுந்தான் குடிச்சேன் தம்பி. அடியில தங்கற சுண்ணாம்பு ஒரு சொட்டு உள்ள போவல. இன்னும் இன்னா செய்யறது?” என்றார்.

அந்தச் சுண்ணாம்புதான் மருந்து. வாரா வாரம் அவர் பாட்டிலில் அது கெட்டியாகப் படிந்திருக்கும். நான்தான் குச்சி விட்டுச் சுரண்டி, கழுவிக் கொட்டினேன். குலுக்கிக் குடிக்கச் சொன்னேனா என்று யோசித்தேன். சொன்ன நினைவே இல்லை.

டாக்டர் அடுத்த அறையில்தான் இருந்தார். எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். என் கை அந்தப் பாட்டிலைக் கழுவிக்கொண்டிருந்தது.

பட்டணத்தில் பாதி வயிற்றை வெட்டி எடுத்துவிட்டார்கள். சில மாதம் கழித்து, இளைத்துப்போன பாய் ஒரு பை மல்லாட்டையோடு வந்தார்.

“எம் வயித்துக்குப் பிடிவாதம். நீங்க இன்னா பண்ணுவீங்க, பாவம்” என்றார்.

அந்த வயிற்றுக்கு ஒரு பிடிவாதமும் இல்லை என்று தெரிந்த ஒரே ஆள் நான். பையை வாங்கிக்கொண்டேன்.