சாவு வீட்டு வேகம்

1972 ஜூன் 30, எங்கள் இராயப்பர் கோயில் திருநாளுக்கு மறுநாள். தெருத் தோரணங்களை இன்னும் அவிழ்க்கவில்லை. என் தாய்மாமன் பாஸ்கல் அன்றுதான் சரக்குக் கப்பல் ஒன்றில் சமையல்கட்டு எடுபிடியாக ஏறிப் போனார். என் அம்மா சிலுவையம்மாள் துறைமுக வாசல்வரை கெஞ்சிக்கொண்டே போனாள்.

"துறைமுகத்து வேலைய வுட்டுட்டு எவனாவது எச்சித் தட்டு கழுவப் போவானாடா?"

"அந்த ரிக்கார்டு விக்கிற ஊர்ல என்னால இருக்க முடியாதுக்கா."

அவருடைய இரண்டாவது இசைத்தட்டு வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை.

மாமா கிடார் பழகியது சாவு வீடுகளில். ராயபுரத்தில் மஜீது பாய் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுவார். சின்ன வயதில் மாமா அவரிடம் வேலை பார்த்தார். கிறிஸ்தவர் வீட்டுச் சாவில் சினிமாப் பாட்டுப் போட்டால் அடிதான் விழும். பாயிடம் இருந்த கோயில் பாட்டுத் தட்டுகளோ இரண்டு. அதனால் மாலுமிகள் விட்டுப்போன இங்கிலீஷ் தட்டுகளைப் பாய் எடுத்து, கிராமபோனின் வேகத் திருகைக் குறைத்துப் போடுவார். இங்கிலீஷில் இருந்தால் அது கோயில் பாட்டுத்தான் என்பது அவர் கணக்கு. எங்கள் சனங்களின் கணக்கும் அதுவே.

"மெதுவா வுட்டா எந்தப் பாட்டும் அழுவும்டா, நைனா" என்று மாமாவிடம் சொல்வாராம் பாய்.

அவை அமெரிக்கக் கறுப்பர்களின் ப்ளூஸ் பாட்டுகள். பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மாமா அவற்றை மனப்பாடம் செய்தார். தட்டில் கேட்ட கனத்த குரலுக்கு ஈடாகக் கம்பிகளைத் தளர்த்திக்கொண்டார். பிறகு துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டிக்கொண்டே பெரம்பூர் ஆங்கிலோ இந்தியரின் நடன விருந்துகளில் வாசித்தார். சொந்த மெட்டில் நான்கு பாட்டுகளோடு முதல் தட்டு வந்தது. சுமாராக விற்றது. அடுத்ததாக அந்தப் பழைய ப்ளூஸ் பாட்டுகளை அந்தக் காலத்துத் தட்டு மாதிரியே வாசித்துத் தர இசைத்தட்டுக் கம்பெனி கேட்டபோது, மாமா இரண்டு நாள் சாப்பிடாமல் சிரித்துக்கொண்டே திரிந்தார் என்பாள் அம்மா.

ஒலிப்பதிவு முடிந்ததும் கம்பெனி அதிகாரி ரகுபதி மூலத் தட்டு ஒன்றைச் சரியான வேகத்தில் போட்டுக் காட்டினார். துள்ளி ஆடுகிற பாட்டு அது.

"இவ்வளவு நாளா தப்பாவா வாசிச்சே?" என்று ரகுபதி சிரித்தாராம்.

"தப்போ ரைட்டோ, எனக்கு இப்பிடித்தான் சார் வந்துச்சு. அழுவுற சனத்துக்கு நடுவுல கேட்டது. இப்பிடியே வுட்டுடுங்க சார். வேற ஒண்ணும் வேணாம்."

"சரி, பாத்துக்கலாம்" என்றார் ரகுபதி.

பார்த்துக்கொண்டார்கள். மாமா வாசித்துப் பதிந்த நாடாவை வேகமாக ஓட்டித் தட்டில் ஏற்றிவிட்டார்கள். கிடார் தகரம் போல் இரைந்தது. மாமாவின் குரல் பள்ளிக்கூடப் பிள்ளையின் குரலாகிவிட்டது. உறையில் மட்டும் அவருடைய படம், அவருடைய பெயர். திருநாளன்று மஜீது பாயே பெருமையாக அதை ஒலிபெருக்கியில் போட்டார். கேட்ட சிறுசுகள் ஆடின.

"இன்னா பாஸ்கலு, யார் வூட்டு கல்யாணத்துல வாசிச்சே? கொரலு எலிக்குட்டி மாரி கீதே!" என்று வின்ச் கூட்டாளி தண்டபாணி கத்தினார். தெருவே சிரித்தது. மாமாவும் சிரித்தார். மறுநாள் கப்பல்.

ஐந்து வருஷம் கழித்து ரகுபதி எங்கள் வீட்டைத் தேடி வந்தார். ஓட்டல் நடனங்களில் அந்தத் தட்டு நன்றாக ஓடுகிறதாம். இன்னொன்று வேண்டுமாம், அதே வேகத்தில். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. தம்பி திரும்பி வந்துவிடுவான் என்று நம்பி, கப்பல் ஏஜெண்டிடம் விலாசம் வாங்கி, நான் அப்போது ஊரில் இல்லாததால் பக்கத்து வீட்டு எல்சியைக் கொண்டு எழுதிப் போட்டாள்.

மறுவருஷம் நான் ஊர் சுற்றிவிட்டுத் திரும்பி வந்திருந்த சமயத்தில் ஜெர்மனியில் ஹாம்பர்க் துறைமுகத்திலிருந்து ஒரு கார்டு வந்தது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் படித்துக் காட்டினேன்.

"அக்காவுக்கு, பாஸ்கல் எழுதுவது. வேகமாக வாசிக்க அங்கேயே நிறையப் பேர் இருப்பார்கள், அவர்களைக் கூப்பிடச் சொல். கிளம்பியதிலிருந்து நான் வாசிக்கவில்லை. கம்பி அழுத்திக் காய்த்திருந்த விரல் நுனிகள் இப்போது மெத்தென்று ஆகிவிட்டன. முன்பெல்லாம் அடுப்பிலிருந்து வெறுங்கையால் சட்டியை இறக்குவேன். இப்போது சுடுகிறது."