பிரேம் போட்டு மாட்டிய வரிப்பணம்

வரி கட்டு என்று சொல்பவனை ஊர் திட்டும். கட்டிய வரியில் கொஞ்சம் திரும்ப வாங்கலாம் என்று சொல்பவனை ஊர் சந்தேகப்படும். வருமான வரிக் கணக்கு எழுதிப் பிழைத்த சகோதரர்களே, இந்தக் கஷ்டத்தை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் திண்டுக்கல் மேற்கு ரத வீதியில் ஒரு மாடியறையை வாடகைக்குப் பிடித்து, ‘வருமான வரி ஆலோசகர்’ என்று போர்டு மாட்டினேன். கீழே அந்தோணியின் கடை. சாமி படம், கல்யாணப் படம் எல்லாவற்றுக்கும் கண்ணாடி வைத்துப் பிரேம் போடுவார். பெரிய வியாபாரிகளுக்கெல்லாம் ஏற்கெனவே மதுரை ஆடிட்டர்கள் இருந்தார்கள். ஆகவே நான் வேறு வழி பார்த்தேன். கணக்குக் கொடுத்தபோது சட்டப்படி கழிக்க வேண்டியதைக் கழிக்க மறந்தவர்களைத் தேடிப் பிடிப்பது. வரி ஆபீசர் கணக்கைப் பார்த்து உத்தரவு போடுவதற்குள் திருத்திய கணக்கு ஒன்றைக் கொடுப்பது. கூடுதலாகக் கட்டிய வரியைத் திரும்ப வாங்கித் தருவது.

என் மாமனாருக்கு இதில் நம்பிக்கை இல்லை. தை பிறப்பதற்குள் தொழில் பிடிபடாவிட்டால் அறையைக் காலி செய்துவிட்டு வேடசந்தூர் மில்லில் கணக்கெழுதப் போகவேண்டும் என்று சொல்லி, அங்கே ஆளையும் பார்த்து வைத்துவிட்டார். மில் பஸ்ஸில் தூக்குச்சட்டியோடு தொங்கிக்கொண்டு போவதை நினைத்தாலே எழுந்து போய்ப் போர்டைத் துடைப்பேன். அந்தோணி வேறு தினமும் மாடிப்படியை எட்டிப் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டுவார். “போர்டு சோக்காத்தான் இருக்குண்ணே. படியிலதான் ஒரு செருப்பையும் காணோம்!”

தேயாத இஞ்சின்

முதலில் சிக்கியவர் செம்பட்டி ஆறுமுகம். ஆயில் இஞ்சின் வைத்துக் கடலை உடைக்கும் மில் நடத்தினார். இஞ்சின் வாங்கி இரண்டு வருஷமாகியும் அது தேய்வதற்காக வருமானத்தில் கழிக்கக்கூடிய தேய்மானத்தை அவர் கழிக்கவே இல்லை. நான் திருத்திய கணக்கு எழுதிக் கையெழுத்து வாங்கி, விசாரணை நாளில் அவரை ஆபீசர் முன்னால் உட்கார வைத்தேன். ஆபீசர் சும்மா பேச்சுக்கு, “இஞ்சின் எப்படி ஓடுது?” என்று கேட்டார். ஆறுமுகத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. “நம்ம இஞ்சினா? ஒரு இழுப்புல பிடிக்கும் சார். தேய்மானமாவது ஒண்ணாவது! அப்படிச் சொன்னவன் வாயில மண்ணு. நீங்களே வந்து பாருங்க” என்றார். அப்படி எழுதிக் கொடுத்த நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன்.

ஆபீசர் நல்ல மனிதர், சிரித்துக்கொண்டார். ஆனால் அடுத்த வாரம் வத்தலக்குண்டு போகிற வழியில் மெய்யாகவே ஜீப்பை நிறுத்தி இறங்கிவிட்டார். இஞ்சினைப் பார்த்தார், கொடுத்த மோரை வேண்டாம் என்றார், கிளம்பிவிட்டார். செம்பட்டியோ நாலு ரோடும் சந்திக்கிற ஊர். வருமான வரி ஜீப் ஆறுமுகம் மில் வாசலில் நின்ற செய்தி அன்று சாயங்காலமே நாலு பக்கமும் பஸ் ஏறிவிட்டது. மறுநாள் காலையில் ஆறுமுகம் வந்து மூச்சு வாங்க நின்றார். “ஏம்ப்பா, நான் ஒன்ட்ட கேட்டது பணத்தை. நீ கூட்டியாந்தது ஜீப்பை!”

கொடுத்ததில் பங்கு

அதற்குப் பிறகு என்னைக் கண்டால் வியாபாரிகள் எதிர்ச் சாரிக்கு மாறி நடந்தார்கள். மாறாதவர் தோல் ஷாப்பு காதர் ராவுத்தர் ஒருவர்தான். தோல் பதனிடுகிற தொழிலில் எத்தனையோ வாடையைத் தாங்கியவர், என் மேல் அடித்த ஜீப் வாடையையும் தாங்கிக்கொண்டார். போனவுடன் பிரியாணி வரவழைத்துச் சாப்பிட வைத்துவிட்டுத்தான் என்ன விஷயம் என்றே கேட்பார்.

அவர் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு நன்கொடை கொடுத்திருந்தார். ரசீதும் இருந்தது. அதைக் காட்டித் திருத்திய கணக்குக் கொடுத்தால் வரி குறையும் என்றேன். “அல்லாவுக்காகக் குடுத்தது தம்பி. அதுல சர்க்கார்கிட்ட பங்கு கேக்குறது நல்லாவா இருக்கும்?” என்றார். நானும் விடவில்லை. திரும்பி வருகிற பணத்தையும் அந்தப் பள்ளிக்கூடத்துக்கே கொடுத்துவிடுங்கள், மனசுக்கும் ஆறுதல் என்றேன். ராவுத்தர் தாடியைத் தடவினார். அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தார். “சரி, குடுத்துர்றேன். அடுத்த வருசம் அந்த ரசீதைக் காட்டி அதுக்கும் கழிவு கேக்கச் சொல்லுவீகளே, அப்ப என்ன செய்ய?”

மாடிப்படியில் ஒரு ரகசியம்

ஒட்டன்சத்திரம் வெங்காய வியாபாரி ராமசாமிக் கவுண்டர் ஆயுள் இன்சூரன்ஸ் எடுத்திருந்தார். சாவுப் பேச்சு என்று வீட்டில் சொல்லவில்லை. கட்டிய பிரீமியத்துக்கு வரிச் சலுகை உண்டு என்று கேள்விப்பட்டு ரகசியமாக வந்தார். “ஏனுங்க, அந்த ‘ஆயுள்’ங்கற வார்த்தை இல்லாம எழுத முடியுங்களா?” என்று காதோரமாகக் கேட்டார். முடியாது என்றேன். யோசித்து வருவதாகச் சொல்லிப் போனார். மறுபடி வந்தார், மறுபடியும் யோசிக்கப் போனார்.

இவர் அடிக்கடி திண்டுக்கல் பஸ் ஏறுவதைப் பார்த்த அவர் மனைவி, ஏதோ பெரிய வியாதிக்கு மறைவாக வைத்தியம் செய்கிறார் என்று முடிவு கட்டிவிட்டார். பின்னாலேயே வந்து மாடி ஏறி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, “டாக்டருங்க, உள்ளதைச் சொல்லிப்போடுங்க” என்றார். நான் டாக்டர் இல்லை என்று நம்பவைக்கவே பெரும்பாடாகிவிட்டது. கடைசியில் இன்சூரன்ஸ் கதையைச் சொல்ல வேண்டியதாயிற்று. அந்தம்மா அழுகையை நிறுத்தி, புருஷனை மேலும் கீழும் பார்த்தார். “நான் ஒருத்தி இருக்கறப்ப, என்னையக் கேக்காம இவரு எப்படிங்க சாவாரு?”

செம்பட்டி தரிசனம்

மார்கழி பாதி போய்விட்டது. கவுண்டர் அந்தப் பக்கமே வரவில்லை. ராவுத்தர் பிரியாணி மட்டும் போட்டார். நான் அறையில் இருந்த நாற்காலிக்கு விலை பேச ஆள் தேடிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஆறுமுகத்துக்கு உத்தரவு வந்தது. இஞ்சின் ஒரு இழுப்பில் பிடித்தாலும் சட்டப்படி தேய்மானம் உண்டு என்று ஒப்புக்கொண்டு, கூடுதலாகக் கட்டிய வரிக்கு ரீபண்ட் சீட்டும் அனுப்பியிருந்தார் ஆபீசர். எனக்குச் சந்தோஷம்தான். இந்தப் பணம் அவர் கைக்கு வந்து, நாலு பேரிடம் அவர் சொன்னால் நான் பிழைத்தேன்.

ஒரு வாரம் கழித்து செம்பட்டிக்குப் போனேன். மில்லில் லட்சுமி படத்துக்கும் முருகன் படத்துக்கும் நடுவில், கண்ணாடி போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, அந்த ரீபண்ட் சீட்டு மாட்டியிருந்தது. கீழே ஊதுபத்தி. கடலை மூட்டை கொண்டுவந்த ஆட்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டுப் போனார்கள். நான் பதறிப்போய், “அண்ணாச்சி, இதை பேங்கில் கொடுத்து மாற்றாவிட்டால் செல்லாமல் போகும்” என்றேன். ஆறுமுகம் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “காசை என்னைக்கு வேணாலும் சம்பாரிச்சுக்கலாம் தம்பி. சர்க்கார் நமக்குக் கடன்காரனா நிக்கிறதை வேற என்னைக்குப் பாக்கப் போறோம்?”

செருப்பு

ஆறுமுகம் எனக்குப் பீஸாக ஒரு டின் கடலெண்ணெய் கொடுத்தார். அதைத் தூக்கிக்கொண்டு திரும்பியபோது இனி வேடசந்தூர்தான் என்று நினைத்தேன். ஆனால் ஜீப் செய்தி போன அதே பஸ்களில் பிரேம் போட்ட சீட்டின் செய்தியும் போயிருந்தது. பொங்கலுக்கு முந்தின வாரம் ஒரு காலையில் அறைக்கு வந்தால் மாடிப்படி முழுக்கச் செருப்பு. கால் வைக்க இடமில்லை. ஒவ்வொன்றாகத் தாண்டி ஏறினேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தச் செருப்புகளைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. மேலே கவுண்டரும் இருந்தார், அவர் மனைவியும் இருந்தார். “ஆயுள்னே எழுதுங்க, பரவாயில்லீங்க” என்றார் அந்தம்மா. எல்லாருக்கும் ஆறுமுகம் மில்லில் மாட்டியிருப்பது போல ஒன்று வேண்டுமாம். பணம் எவ்வளவு வரும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

மாமனாருக்கு அன்றே கார்டு போட்டேன், மில்லுக்கு வரவில்லை என்று. தபால்பெட்டியில் போடக் கீழே இறங்கியபோது அந்தோணி கண்ணாடி அறுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அதற்கு முன் எழுந்து நின்றதில்லை. “அண்ணே, நீங்க எம்புட்டு வேணாலும் வாங்கிக் குடுங்க. ஆனா கடுதாசியை ஒரே அளவுல குடுக்கச் சொல்லுங்க. ரெடியா அறுத்து வச்சுருவேன்.”

அப்படியாக, கட்டிய வரியைத் திரும்ப வாங்கித் தருகிறேன் என்று நான் நடத்திய தொழிலில் முதல் வருஷம் கண்ணுக்குத் தெரிய லாபம் பார்த்தவர் கீழ்க்கடை அந்தோணி ஒருவர்தான், அவரும் அதற்கு வரி கட்டவில்லை.