புளூ ஆன தவளை

எண்பதுகளின் தொடக்கத்தில் ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு டேனரியில் குரோம் டிரம் ஓட்டினேன். தோலும் குரோம் மருந்தும் தண்ணீரும் சேர்ந்து சுழலும் பெரிய மரப்பீப்பாய் அது. தனியாள், ஒரே அறை. ஆட்களிடம் பேசக் கூச்சம். மழைக்காலத்தில் ஒரு மரத்தவளை வந்து என் தண்ணீர்ப் பானையில் ஒட்டிக்கொண்டது. வாழைக்குருத்துப் பச்சை. வேலை விட்டு வந்ததும் உள்ளங்கையில் வைத்துக்கொள்வேன். கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு தொண்டையை ஆட்டும். அன்றைய கதையெல்லாம் அதனிடம்தான் சொல்வேன்.

ஒரு மாதத்தில் அதன் வயிறு சிவந்தது. தோல் நூல்நூலாகத் தொங்கியது. பூச்சி போட்டாலும் தொடவில்லை. செத்துவிடுமோ என்று பயந்தேன். ஆட்டுத்தோல் கெடாமலிருக்க டேனரியில் உப்புப் போடுவோம். என் புத்தி அங்கேதான் போனது. உப்புக் கரைத்த கிண்ணத்தில் தவளையை விட்டேன். அது சத்தமில்லாமல் வாயைத் திறந்தது. நான்கு கால்களும் விறைத்தன. பதறி எடுத்து அலசினேன். உயிர் இருந்தது. ஆனால் காலையில் அதன் முதுகில் நீலம் படர்ந்திருந்தது. டிரம்மிலிருந்து நான் உருவும் தோலின் அதே நீலம்.

கூட வேலை செய்தவன் வந்து பார்த்துச் சிரித்தான். "இன்னாய்யா, புளூ ஆயிடுச்சு! உடு, இனிமே கெடாது."

டேனரியில் அப்படித்தான் சொல்வோம். குரோம் ஏறிப் புளூ ஆன தோல் அழுகாது, மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உயிரோடு இருக்கும்போதே பதமாகிவிட்ட அது என்னைப் பார்த்துக் கண்ணை மூடித் திறந்தது.

பக்கத்து வீட்டில் ஒரு நர்ஸ் அக்கா இருந்தார். தவளையைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு அவர் வாசலில் போய் நின்றேன்.

"இன்னா தம்பி, கிண்ணத்தோட நிக்கிறே? கொழம்பு வேணுமா?"

காட்டினேன். தவளையைப் பார்த்தவர், "உன் கையக் காட்டு" என்றார். விரலிடுக்கில் குரோம் புண். ரேகைகளில் கழுவியும் போகாத நீலம்.

"தவள வாயால தண்ணி குடிக்காது, தம்பி. தோலாலதான் குடிக்கும். தெனம் இதுல தானே உக்காருது? உன் கையத்தான் குடிச்சிருக்கு."

"மருந்து இன்னா போடணும்கா?"

"ஒண்ணும் போடாதே. தொடாதே. தண்ணிய மட்டும் மாத்து. நம்மூரு கெணத்துத் தண்ணி வாணாம், டேனரிக் கழிவு கலந்திருக்கு."

பஸ் ஏறி ஆலங்காயம் மலைப்பக்கம் போய் ஒரு கேன் தண்ணீர் கொண்டுவந்தேன். காலையும் மாலையும் கிண்ணத்தைச் சாய்த்து மாற்றினேன். எட்டாம் நாள் தவளை உடம்பை உப்பிக்கொண்டு, முன்னங்கால்களால் தோலைச் சட்டைபோல் தலைவழியே உருவியது. உருவியதை வாய்க்குள் திணித்து விழுங்கியது. சுவரோடு சாய்ந்து பார்த்தபடி நின்றேன். உள்ளே புதுத்தோல் பச்சையாக இருந்தது.

பிழைத்துவிட்டது. ஆனால் என் கை அதற்கு மறக்கவில்லை. சாயங்காலம் கதவு திறந்ததும் சுவர் வழியே இறங்கி, என் கையைப் பார்த்து உட்காரும். நான் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வேன். அது சுற்றிக்கொண்டு பின்பக்கம் வரும்.