ஐயா இருக்கும்வரை

ஷார்ஜா ரோலாவில் சிவமலர் மேடம் வீட்டில் காலைச் சமையல் என்னுடையது. ஜெயமணி அக்காவின் வேலை உள்ளறையில். பக்கவாதத்தில் விழுந்த அம்பலவாணர் ஐயாவைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், துடைக்க வேண்டும், கஞ்சி ஊட்ட வேண்டும். ஐயா மேடத்தின் மாமனார். யாழ்ப்பாணத்துக் குடும்பம். ஜெயமணி அக்கா ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர். நான்கு வருடமாக ஊருக்குப் போகவில்லை.

மகள் துஷானிக்குத் தலைப்பிரசவம் நெருங்கியது. அக்கா ஒரு மாத லீவு கேட்டார்.

"ஐயா இருக்கும்வரைக்கும் உம்மை எப்பிடி விடுறது?" என்றார் மேடம். "அவர் கண்ணை மூடட்டும். அடுத்த நாளே டிக்கெட் எடுத்து, பாஸ்போட்டும் கையில தந்து அனுப்புவன்."

அக்கா அதைக் கேலியாக்கிக்கொண்டார். கஞ்சி ஊட்டும்போது, "ஐயா, ஒங்களுக்கு நூறு வயசு. எனக்கு ஆயுள் தண்டனை" என்பார். ஐயா கோணிய வாயால் சிரிப்பார்.

மேடத்தின் மகள் கஜாலினி அமெரிக்கப் பாடத்திட்டப் பள்ளியில் படிக்கிறாள். வகுப்பில் ஜார்ஜ் வாஷிங்டனைப் பற்றிப் பேச வேண்டும். அப்பப்பாவுக்குத் தமிழில் சொல்லிக் காட்டு என்றார் அவள் அப்பா மதுசூதனன். ஒரு வெள்ளிக்கிழமை எல்லாரும் உள்ளறையில் கூடினோம்.

சண்டையில் ஜெயித்தாராம். முதல் ஜனாதிபதி ஆனாராம். இன்னும் இருங்கள் என்று கேட்டும், இரண்டு தடவையோடு பதவியை விட்டு வீட்டுக்குப் போனாராம். பின்னால் வந்தவர்களுக்கு அதுவே வழக்கமானதாம்.

"கேட்டியளோ அப்பா? தானாக் கதிரையை விட்ட மனிசன்! எங்கட ஆக்களைச் செத்தாலும் கதிரையோடதான் தூக்கோணும்," என்றார் மதுசூதனன் சார். ஐயாவும் சிரித்தார்.

"பட், அவரிட்ட அடிமையள் இருந்தவை," என்று தொடர்ந்தாள் கஜாலினி. "தன்ர மனிசி, அதுதான் வைஃப், செத்தாப்பிறகு அவையை விடச்சொல்லி உயில் எழுதினவர். மனிசிக்குப் பயம் வந்திட்டுதாம். தான் எப்ப சாவன் எண்டு பாத்துக்கொண்டிருக்கினம், ஏதும் செய்துபோடுவினம் எண்டு. அதால கொஞ்ச நாளிலயே எல்லாரையும் விட்டிட்டா."

ஜெயமணி அக்கா ஐயாவின் தாடையில் வழிந்த தேநீரைத் துடைத்துக்கொண்டிருந்தார். மேடம் அந்தக் கையைப் பார்த்தார். ஐயாவும் பார்த்தார்.

"காணும் பிள்ளை, நிப்பாட்டு," என்றார் மேடம்.

மறுநாள், அக்காவிடம் இருந்த ஐயாவின் மாத்திரைப் பெட்டி மேடத்தின் அலமாரிக்குள் போயிற்று. ஐயா கஞ்சிக்கு வாயைத் திறக்கவில்லை. மேடம் வந்து நின்றார்.

"நீர் ஒரு வாய் குடிச்சுக் காட்டும்."

அக்கா குடித்தார். "உப்பு சரியா இருக்குங்க மேடம்." அதன்பிறகுதான் ஐயா வாயைத் திறந்தார்.

அக்கா சமையலறைக்கு வந்து கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவினார். "நாலு வருசமாப் பீ மூத்திரம் அள்ளுன கை தங்கச்சி. இப்ப வெசக்கையாப் போச்சு."

அந்த வாரமே விசாவை ரத்து செய்தார்கள்.

"நான் லீவுதானே கேட்டேன் சார்? திரும்பி வாறேன்னுதானே சொன்னேன்?"

"கலாஸ், ஜெயமணி. முடிஞ்சுது. போய் மகளைப் பாருங்கோ. நீங்கள் கேட்டதுதானே."

பெட்டியைக் கூடத்தில் திறக்கச் சொன்னார் மேடம். பிறக்கப்போகும் பிள்ளைக்கு வாங்கியிருந்த பவுடர் டப்பாவைக்கூடத் திறந்து முகர்ந்து பார்த்தார்.

"ஆன்ட்டி ஏன் போறா? அப்பப்பா இன்னும் சாகேல்லையே?" என்று கேட்டாள் கஜாலினி.

"உள்ள போ!"

அக்கா பெட்டியை மூடினார். ஐயாவிடம் சொல்லிக்கொள்ள அவரை விடவில்லை.

துஷானிக்கு ஆண் குழந்தை பிறந்தது என்று போன வாரம் அக்கா போன் செய்தார். வேறு வீட்டில் வேலை கேட்டு அங்குள்ள ஏஜென்சிக்குப் போயிருக்கிறார். ஐயாவின் சாப்பாட்டில் சந்தேகம் வந்து அனுப்பியதாக ஏஜென்சியிடம் இந்த வீட்டில் சொல்லியிருக்கிறார்களாம். ஏஜென்சிக்காரர் அக்காவின் தோட்டத்து ஆள். பேச்சு ஊருக்குள் போய்விட்டது.

"பேரனை நான்தான் குளிப்பாட்டுறேன்," என்றார். குரலில் சந்தோஷம் இல்லை. "தண்ணி ஊத்தி முடிக்கிற மட்டும் சம்பந்தியம்மா பக்கத்துலயே நிக்கிறா தங்கச்சி. ஒண்ணும் சொல்ல மாட்டா. சும்மா நிக்கிறா."